வீடற்றோர் விடுதியில் இணையம்: சார்ஜர் பலகையில் தொடங்கி ரவுட்டரில் முடிக்க வேண்டிய வேலை

பாலக்காட்டுப் பக்கம் ஒரு வீடற்றோர் விடுதிக்கு இணையம் போட்டுக் கொடுக்கும் வேலையை நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொண்டோம். 34 கட்டில். தங்குபவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். பொள்ளாச்சி, உடுமலை, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து தேங்காய் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள். உடம்பு முடியாமல் போனதும் பஸ் ஸ்டாண்டில் படுத்தவர்கள். முதல் தடவை ரவுட்டரை மாட்டி, கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதைப் பயன்படுத்தியவர்கள் ஆறே பேர். அதில் மூன்று பேர் விடுதி ஊழியர்கள்.

மற்றவர்களிடமும் போன் இருந்தது. சிலரிடம் சார்ஜ் இல்லை. சார்ஜ் இருந்தவரின் சிம் செத்துப் போயிருந்தது. சிம் உயிரோடு இருந்தவருக்கு அது யார் பேரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆகவே இரண்டாம் தடவை வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். பின்னால் வேறு இரண்டு விடுதிகளில் புதிதாக வந்த தன்னார்வலர்களும் எங்களைப் போலவே ரவுட்டரில் தொடங்கி, அதே இடங்களில் இடறி விழுந்ததைப் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இது.

1. முதலில் ஒரு மாலை உட்கார்ந்து கணக்கெடுங்கள்

இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கைக்குப் போகும் நேரம்தான் சரியான நேரம். பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். லாட்டரி விற்கவோ சுமை தூக்கவோ போயிருப்பார்கள்.

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு வரி போதும். பட்டன் போனா, டச் போனா? எந்தப் பின் சார்ஜர்? சிம் யார் பேரில்? ஆதாரில் எந்தப் போன் எண் இருக்கிறது, அந்த எண் இப்போது கையில் இருக்கிறதா? எந்த மொழி படிப்பார்? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். தமிழ் பேசுவார், மலையாளத்தில் பதில் சொல்வார், ஆனால் இரண்டுமே படிக்கத் தெரியாது என்பவர்கள் உண்டு. சுவரில் ஒட்டும் எந்த அறிவிப்பும் அவர்களைச் சேராது.

ஆதார் எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு எதையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். நோட்டு தொலையும். நாங்கள் ஒன்றைத் தொலைத்தோம். உள்ளே அப்படி எதுவும் எழுதாததால் அன்று இரவு தூங்க முடிந்தது.

எல்லோர் முன்னாலும் கேட்பது இன்னொரு தவறு. “சிம் மகன் பேரில் இருக்கிறது, அவனோடு பேச்சில்லை” என்று பத்துப் பேர் நடுவில் எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். தனியாக உட்கார வைத்து, “ஏனுங்கம்மா, இந்த நம்பர் எப்ப வாங்கினதுங்க?” என்று ஆரம்பித்தால் விஷயம் தானாக வரும்.

2. சார்ஜ் போடும் இடம்

விடுதியில் போன் தொலைவது பெரும்பாலும் சார்ஜ் போட்ட இடத்தில்தான். அதற்குப் பயந்து தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவார்கள். பஞ்சுக்குள் சூடாகும் மலிவு சார்ஜர் தீ விபத்துக்கு வழி. அதனால் பூட்டக்கூடிய சிறு பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிளக் என்று செய்யுங்கள். பழைய தபால் பெட்டி அடுக்கு மாதிரி மரத்திலோ தகரத்திலோ அடிக்கலாம். தகரம் என்றால் எர்த் கட்டாயம். பின்பக்கம் காற்றுப் போக ஓட்டை வேண்டும். சாவி தங்குபவரிடம், மாற்றுச் சாவி அலுவலகத்தில்.

மின்சாரக் கணக்கு சின்னது. ஒரு போன் சார்ஜர் 10 முதல் 20 வாட். இருபது போன் ஒன்றாகப் போட்டாலும் 400 வாட்டைத் தாண்டாது. ஆபத்து போனால் வருவதில்லை. அதே பலகையில் யாராவது தண்ணீர் காய வைக்கும் ராடைச் செருகுவதால் வருகிறது. எனவே இதற்குத் தனி லைன் இழுத்து, 6 ஆம்பியர் எம்சிபி (சுமை மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். ராடைச் செருகினால் அது கட்டாயம் டிரிப் ஆகும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். கூடவே மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இருக்கட்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் இதைச் செய்ய வேண்டும். தெரிந்த பையனை வைத்து முடிக்கும் வேலை இல்லை.

சார்ஜர் வாங்கும்போது எல்லாவற்றையும் டைப்-சி ஆக வாங்கிவிடாதீர்கள். எங்கள் கணக்கெடுப்பில் பாதிப் போன்கள் மைக்ரோ யுஎஸ்பி. நாலைந்து பேரிடம் பழைய மெல்லிய பின் போன்கூட இருந்தது. கணக்கெடுப்பை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. எண்: இங்கேதான் அதிக நாள் பிடிக்கும்

வைஃபை இருந்தால் சிம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பென்ஷன், ரேஷன், வங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே ஓடிபி கேட்கின்றன. அந்த ஆறு இலக்கம் வந்து சேர ஆளுக்கு ஒரு எண், அவர் பேரிலேயே வேண்டும்.

முகவரிச் சான்று. ஆதாரில் பழைய ஊர் முகவரி இருக்கும், அல்லது ஆதாரே தொலைந்திருக்கும். அங்கீகாரம் பெற்ற விடுதியின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தரும் சான்றிதழ் முகவரிச் சான்றாகச் செல்லும். வெள்ளைத்தாளிலோ விடுதியின் லெட்டர்பேடிலோ எழுதிக் கொடுத்தால் மையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் படிவமேதான் வேண்டும். சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும். ஆகவே மொத்தமாக எழுதி வைத்துவிட்டு, போக நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று விட்டுவிடக் கூடாது.

ஆதாரில் போன் எண் மாற்றுவது. இதற்கு ஆவணம் எதுவும் வேண்டாம், ஆள் நேரில் போனால் போதும். கேரளப் பக்கம் என்றால் அக்ஷயா மையம், தமிழ்நாட்டுப் பக்கம் ஆதார் சேவை தரும் இ-சேவை மையம் அல்லது தபால் நிலையம். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். வருடக்கணக்கில் தேங்காய் உரித்தவர்களுக்கும் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் கைரேகை விழாது. “ரேகை விழலை, போங்க” என்று சொன்னால் திரும்பி வராமல், கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கத் தெரியாமல் ஒரு பெரியவர் மூன்று முறை சும்மா திரும்பியிருந்தார்.

சிம் யார் பேரில். அவசரத்துக்கு வார்டன் பேரிலோ தன்னார்வலர் பேரிலோ ஐந்தாறு சிம் வாங்கிக் கொடுத்துவிடுவது நல்ல மனதில் செய்யும் பெரிய தவறு. அந்த சிம்மில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வாங்கியவரே பொறுப்பு. அந்த எண்ணை நம்பி வங்கிக் கணக்கு தொடங்கிய தங்குபவருக்கும், வார்டன் மாற்றலாகிப் போன அன்று கதவு சாத்தப்படும். நிறுவனம் மொத்தமாக வாங்கினாலும், 2023 டிசம்பரில் வந்த விதிப்படி பயன்படுத்தும் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும். தன் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பழைய ஒப்பந்தக்காரர் இவர் ஆதாரை வைத்து வாங்கிய சிம் இரண்டு, மூன்று அங்கே வந்து நிற்பதுண்டு. அங்கேயே “என் எண் இல்லை” என்று புகார் கொடுத்து நிறுத்தலாம்.

தொலைந்த போன். டூப்ளிகேட் சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வேலை செய்யாது. திருடர்கள் சிம்மை மாற்றி ஓடிபி பிடிப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. இது தெரியாமல் சிம் வாங்கிய கையோடு வங்கிக்குக் கூட்டிப் போய், ஓடிபி வரவில்லை என்று ஒரு நாள் கூலியை வீணாக்குவார்கள். இன்று சிம், நாளை மறுநாள் வங்கி என்று திட்டமிடுங்கள்.

எண்ணை உயிரோடு வைத்திருப்பது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் எண்ணை நிறுத்திவிடலாம் என்பது விதி. நின்ற எண் சில மாதத்தில் வேறு ஒருவருக்குப் போகும். உங்கள் ஆளின் ஓடிபியும் அவருக்கே போகும். விடுதியில் வைஃபை வந்த பிறகு மாதாமாதம் டேட்டா பேக் போடத் தேவையில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம் என்றும் சொன்னது. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எல்லைக்கே உரிய இரண்டு தொல்லைகள். ஒன்று, வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ்நாட்டு சிம் கேரள டவரைப் பிடிக்கும். சில போன்களில் அது ரோமிங் என்று காட்டும். செட்டிங்கில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சிக்னல் நிறைய இருந்தும் நெட் வராது. “போன் கெட்டுப்போச்சு” என்று என்னிடம் நீட்டியவற்றில் பல இந்த ஒரு சுவிட்சில் சரியாயின. இன்னொன்று, ரீசார்ஜ் செய்யும்போது வட்டம் (எண் எந்த மாநிலத்துக்கு உரியது என்பது) கேட்கும். ஆள் கேரளாவில் இருந்தாலும் எண் தமிழ்நாட்டு வட்டம் என்றால் தமிழ்நாட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேயே நிலையாகத் தங்கிவிட்டவர் எண்ணை மாற்றாமல் கேரள வட்டத்துக்குப் போர்ட் செய்துகொள்ளலாம்; 2015 முதல் நாடு முழுக்க அந்த வசதி உண்டு.

4. லைன் இழுப்பது

விடுதி நகராட்சிக் கட்டடத்தில் இருந்தால் முதலில் அங்கே போய், கேஃபோன் இணைப்பு தர முடியுமா என்று கேளுங்கள். கேரள அரசின் ஃபைபர் வலை அது. 2023 ஜூனில் தொடங்கியது, அரசு அலுவலகங்களை இணைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கிடைத்தால் மாதச் செலவுத் தலைவலி குறையும். கிடைக்காவிட்டால் தனியார் அல்லது பிஎஸ்என்எல் ஃபைபர்.

இணைப்பு விடுதியின் அல்லது நடத்தும் அமைப்பின் பேரில் இருக்க வேண்டும். எங்கள் முதல் இணைப்பு ஒரு நண்பரின் வீட்டு பிளானில் இருந்தது. அவர் வேலை மாறி ஊர் போனதும் கட்டணம் நின்று, விடுதியும் இருண்டது. வீட்டு பிளானை வெளி ஆட்களுக்குப் பகிர்வதும் ஒப்பந்தப்படி சரியாக வராது.

வேகத்தில் ஏமாறாதீர்கள். 34 கட்டிலில் ஒரே நேரத்தில் இணையத்தில் இருப்பது அதிகபட்சம் பதினைந்து பேர். இரவு ஏழிலிருந்து பத்துவரை. 480பி தரத்தில் வீடியோ பார்க்க ஒன்று ஒன்றரை எம்பிபிஎஸ் போதும். ஆக 50 எம்பிபிஎஸ் தாராளம். 200க்குக் கொடுக்கும் கூடுதல் காசில் இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையைப் பரப்பும் பெட்டி) வாங்கினால் பின் அறைவரை சிக்னல் போகும்.

பிஎம்-வானி என்றொரு வழியும் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பொது வைஃபை முறை. யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் பொது இணைய மையம் ஆகலாம். யார் உள்ளே வந்தார் என்ற பதிவை இந்த மையங்களை ஒருங்கிணைக்கும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வீட்டு ஃபைபர் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் இணைப்பு நிறுவனங்கள் இந்த மையங்களிடம் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் வரம்பு வைத்தது. சிக்கல் என்னவென்றால், உள்ளே வர செயலியும் ஓடிபியும் வேண்டும். நெட் இல்லாதவர் நெட்டுக்காக எப்படிச் செயலியை இறக்குவார்? முதல் தடவை உங்கள் ஹாட்ஸ்பாட்டில் நீங்களே இறக்கிக் கொடுங்கள். பட்டன் போன்காரருக்கு இந்த வழியால் பயனில்லை.

5. ரவுட்டர்

வார்டன் அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான், திருட்டுப் பயம். சிக்னல் வார்டனுக்கு மட்டும் கிடைக்கும். தூங்கும் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல், கம்பி வலைப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாட்டுங்கள். இரும்பு வலை சிக்னலைத் தின்னும். இரும்பு பீரோவும் தகரக் கூரையும் அப்படித்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அணைக்காதீர்கள். வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டும். மலிவுப் போன்கள் பலவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும். பெண்கள் பகுதி தனிக் கட்டடம் என்றால் அங்கே தனி ஆக்சஸ் பாயிண்ட் கட்டாயம். சிக்னலுக்காக ஆண்கள் பகுதி வராந்தாவில் வந்து நிற்கச் சொல்ல முடியாது.

செட்டிங்கில் நான்கு வேலை: நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது, அலுவலகத்துக்கும் தங்குபவர்களுக்கும் வேறு வேறு வலை, ஒரு போன் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்துவது, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3 போடுவது. கடைசியது தீங்கான தளங்களையும் ஆபாசத் தளங்களையும் வடிகட்டும், காசு கிடையாது. குறிப்பிட்ட போனை அதன் வைஃபை முகவரி (மேக்) வைத்துத் தடுக்கும் வேலையில் இறங்காதீர்கள். இன்றைய போன்கள் தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளும். பூட்டி முடிப்பதற்குள் அவர் வேறு பெயரில் உள்ளே இருப்பார்.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ். இரண்டும் கேட்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆடி மாதம் கணவாய்க் காற்று அடிக்கும்போது பனைமரத்தில் கட்டிய கேபிள் ஆடி ஆடியே அறுந்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் இறுக்கிக் கட்டச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஐப்பசி இடி நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நாங்கள் ஒரு ரவுட்டரை அப்படித்தான் பலி கொடுத்தோம்.

6. விதிகள்

குறைவாக வையுங்கள். இரவு பத்துக்கு மேல் ஹெட்போன் இல்லாமல் சத்தம் கூடாது. தூங்குபவரைப் படம் எடுக்கக் கூடாது. இரண்டாவதை மீறினால் விட்டுவிடாதீர்கள்.

தண்டனையாக நெட்டை நிறுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். குடித்துவிட்டு வந்தார், சண்டை போட்டார் என்பதற்கு வேறு வழி பாருங்கள். கடவுச்சொல் வார்டன் கையில் சாட்டையாகிவிட்டால் அவரிடம் பணிந்து போகிறவருக்கு மட்டும்தான் இணையம். ஒரு விடுதியில் இதை நேரில் பார்த்தேன். ஒரு அக்கா மகளுக்கு வீடியோ கால் பேசுவதற்காகக் கூடமெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தார்.

யார் எப்போது இணைந்தார் என்ற பதிவை, இணைப்பு தரும் நிறுவனம் கேட்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். என்ன பார்த்தார் என்பது நம் வேலை இல்லை.

7. சொல்லிக் கொடுக்கும் வரிசை

பணத்தில் தொடங்காதீர்கள். முதல் வாரம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது வரும். அடுத்த நாள் தானாக வந்து உட்காருவார்கள். இரண்டாம் வாரம், குரலில் தேடுவது; போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுச் சொல்லிக் கொடுங்கள். மூன்றாம் வாரம், ஆவணங்களைப் போனில் வைத்திருக்க உதவும் அரசுச் செயலி டிஜிலாக்கர். ஆதார் அட்டை தொலைந்தாலும் போனில் இருக்கும் என்பது தெரிந்ததும் சிலர் முகத்தில் வரும் நிம்மதி தனி. இதற்குத்தான் மூன்றாவது படியில் எண்ணைச் சரிசெய்தோம்.

யுபிஐ கடைசி. வங்கிக் கணக்கை இணைக்கும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். வைஃபை முழுசாக இருந்தும் “சரிபார்க்க முடியவில்லை” என்று நின்றால் எஸ்எம்எஸ் பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யுபிஐ சொல்லிக் கொடுக்கும் அன்றைக்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடுதி வாசலில் ஆள் வருவான். “உங்க பேர்ல ஒரு பேங்க் கணக்கு தொடங்கிக் குடுங்க அண்ணே, இரண்டாயிரம் தர்றேன்” என்பான். சிம்மையும் ஏடிஎம் கார்டையும் வாங்கிக்கொண்டு போவான். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும்; போலீஸ் தேடி வருவது கட்டிலுக்கு. வீடில்லாதவர்களை இதற்கென்றே தேடுகிறார்கள். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதை வாய்ப்பாடு மாதிரி சொல்ல வையுங்கள்.

8. பொதுப் போன்

டச் போன் இல்லாதவர்களுக்காக ஒரு பொதுப் போனோ டேப்லெட்டோ வைத்தால், விருந்தினர் கணக்கில் மட்டும் திறந்து கொடுங்கள். ஒவ்வொருவர் முடித்ததும் அந்தக் கணக்கை அழித்துவிடலாம். இல்லையென்றால் முந்தினவரின் மெயில் திறந்தபடி கிடக்கும். வாட்ஸ்அப், யுபிஐ இரண்டையும் பொதுப் போனில் ஏற்றவே வேண்டாம்.

9. விடுதியை விட்டுப் போகும்போது

யாரும் அங்கேயே இருக்கப் போவதில்லை. சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள், பலர் ஒரு நாள் காலையில் இருக்க மாட்டார்கள். ஆகவே போகிற அன்று செய்வோம் என்று எதையும் வைக்காமல், எண் சரியான வாரமே இதை முடித்துவிடுங்கள்.

வெளியே போனதும் வைஃபை இருக்காது. பெரிய ரயில் நிலையங்களில் தினம் முதல் 30 நிமிடம் இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி வையுங்கள். பாலக்காடு ஜங்ஷனுக்கு ஒரு தடவை கூட்டிப் போய் இணைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் கணக்கை 120 நாள் திறக்காவிட்டால் அழிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சின்ன அட்டை. அவருடைய எண், எந்த நிறுவனம், எந்த வட்டம், அடுத்த ரீசார்ஜ் தேதி, 1930, விடுதி அலுவலக எண். படிக்கத் தெரிந்த மொழியில், பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவர் அதை ரீசார்ஜ் கடையில் நீட்டினால் போதும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக் கொடுங்கள். மழைக்காலத்தில் சட்டைப்பையில் இருந்த காகிதம் கூழாகிப் போய், எண்ணே மறந்து திரும்பி வந்தவர்கள் எங்களிடம் இருவர்.